வீடு திரும்பிய அன்றுதான் வைத்தியம் ஆரம்பம்!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். சூரமங்கலத்தில் என் வைத்தியசாலை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, அம்மா, நடுவில் இருபத்து மூன்று வயது மகன். அப்பா கையில் ஒரு இனிப்புப் பெட்டி.

"டாக்டரய்யா, எடுத்துக்குங்க. பையனுக்கு நாப்பத்தஞ்சு நாள் கோர்ஸ் நல்லபடியா முடிஞ்சிடுச்சுங்க. நேத்துதான் சென்டர்ல இருந்து கூட்டிட்டு வந்தோம். இனி பழைய போதையெல்லாம் ரத்தத்துல இருந்து கழுவிப் போற மாதிரி நல்ல பேதி மருந்தா ஒண்ணு குடுத்தீங்கன்னா, அதோட இந்தக் கதை முடிஞ்சிடும்."

மகன் தலையைக் குனிந்து கொண்டிருந்தான். முழங்கை மடிப்பில் பழைய ஊசித் தழும்புகள். வலி மாத்திரையை உப்புத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக் கொள்ளும் பழக்கம் அவனுக்கு.

இனிப்பை வாங்கிக் கொண்டேன். ஒரு பையன் நாற்பத்தைந்து நாள் போதையில்லாமல் இருந்திருக்கிறான் என்றால் அது கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனால், பேதி மருந்து கொடுக்கவில்லை. "கதை முடியலீங்க. இப்பத்தான் ஆரம்பிக்குது. இன்னைக்குத்தான் உங்க பையன் ரொம்ப ஆபத்தான இடத்துல நிக்கறான்" என்று சொன்னேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று.

அப்படி ஏன் சொன்னேன்? அதை உங்களிடமும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லி விடுகிறேன்.

நான் செய்த தவறு

ஆறு வருஷத்துக்கு முந்தைய சம்பவம். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு தம்பி. அவனுக்கும் இதே மாத்திரை, இதே ஊசி. வீட்டார் அவனை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் நாக்குக்கு அடியில் வைத்துக் கொள்ளும் புப்ரெனார்ஃபின் மாத்திரையைக் கொடுத்து வந்தார். ஐந்து மாதம் பையன் ஒழுங்காகப் பட்டறைக்குப் போனான், சம்பளத்தை அம்மா கையில் கொடுத்தான்.

ஒருநாள் அவன் அம்மா என்னிடம் வந்தார். "ஐயா, ஊசியை விட்டுட்டான், சரிங்க. ஆனா இப்ப இந்த மாத்திரைக்கு அடிமையாயிட்டானே! தினமும் இது இல்லாம இருக்க மாட்டேங்கறான். உங்க மருந்துல எதாச்சும் குடுத்து இதையும் நிறுத்திடுங்க."

எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. நம் மருத்துவத்தைத் தேடி வந்திருக்கிறார்களே! 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்றுதான் அன்றைக்கு நானும் நினைத்தேன். அந்த டாக்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி, உடம்பு தேற லேகியமும் தூக்கத்துக்குச் சூரணமும் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் பையனைக் குளியலறைக் கதவை உடைத்துத்தான் வெளியே எடுத்தார்கள். உதடு நீலம் பூத்துவிட்டது. நிமிஷத்துக்கு நாலைந்து தடவைதான் மூச்சு. 108 ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது, அரசு மருத்துவமனையில் மாற்று ஊசி போட்டார்கள், பிழைத்தான். நான் போய்ப் பார்த்தபோது அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "மூச்சு விடறானுங்க ஐயா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் இன்றுவரை என் காதில் இருக்கிறது.

அவன் அன்றைக்கு ஏற்றிக் கொண்டது புதிதாக ஒன்றுமில்லை. முன்பு தினமும் ஏற்றிக் கொண்டிருந்த அதே அளவுதான். பிறகு ஏன் சாவின் வாசல் வரை போனான்?

தாங்கும் சக்தி போய்விடும்!

அபின், ஹெராயின், பிரவுன் சுகர், மார்ஃபின், தெருவில் விற்கிற டாபென்டடால் மாதிரியான வலி மாத்திரைகள்... இவை எல்லாம் ஒரே குடும்பம். தொடர்ந்து எடுக்க எடுக்க உடம்பு பழகிக் கொள்ளும். ஒன்றுக்கு வந்த மயக்கத்துக்கு நாலு தேவைப்படும். புதிய ஆள் ஒருவரைக் கொன்றுவிடக் கூடிய அளவை, பழகியவர் எடுத்துவிட்டு நடந்து போவார்.

நிறுத்திய சில நாட்களிலேயே இந்தத் தாங்கும் சக்தி குறைய ஆரம்பிக்கிறது. சில வாரங்களில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆனால், மனசுக்கு நினைவிருப்பது பழைய அளவு! ஒரு பலவீனமான சாயங்காலம் அந்தப் பழைய அளவைத் தொட்டால், மூளையில் மூச்சை நடத்துகிற பகுதி தூங்கிப் போகிறது. கூடவே குடியோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம்.

இது என் கற்பனை இல்லை. லண்டனில் மருத்துவமனையில் தங்கி அபின் வகைப் போதைக்குச் சிகிச்சை பெற்ற 137 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். முதல் நாலு மாதத்துக்குள் மூன்று பேர் அளவு மீறிப் போய் இறந்தார்கள். அந்த மூன்று பேரும் யார் தெரியுமா? பாதியில் ஓடிப் போனவர்கள் அல்ல. சிகிச்சையை நல்லபடியாக முடித்து, உடம்பின் தாங்கும் சக்தியை இழந்திருந்த 37 பேரில் மூன்று பேர்!

'கோர்ஸை முடித்தவன் தப்பித்தான், ஓடியவன் கெட்டான்' என்றுதானே நாமெல்லாம் நினைப்போம்? மருந்தை நிறுத்தி அனுப்புவதோடு நின்றுவிட்டால், முடித்தவனுக்குத்தான் உயிர் ஆபத்து அதிகம். அதனால்தான் இனிப்புப் பெட்டியோடு வந்த அப்பாவிடம் அப்படிச் சொன்னேன்.

ரத்தத்தைக் கழுவ முடியுமா?

'பேதிக்குக் கொடுத்துப் போதையைக் கழுவி விடுங்கள்' என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கல்லீரலும் சிறுநீரகமும் அந்த வேலையை ஏற்கெனவே செய்து முடித்திருக்கும். ஹெராயின் மாதிரியான பொருள்கள் சில நாட்களில் உடம்பை விட்டுப் போய்விடும். போகாமல் தங்குவது மூளையில் பதிந்த பழக்கம்தான். அதைப் பேதியாக்கி வெளியே தள்ள முடியாது.

இன்னொன்று. அபின் வகையை நிறுத்தினால் கடைசியாக எடுத்த எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் உடம்பு ஆட ஆரம்பிக்கும். கண்ணீர், மூக்கொழுகல், ஓயாத கொட்டாவி, மயிர்க்கூச்சம், கால் குடைச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. நாலு நாள் முதல் பத்து நாள் வரை இந்த வேதனை இருக்கும். அந்தச் சமயத்தில் பேதி மருந்து கொடுத்தால் உடம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரும் உப்பும் போய்விடும். இதைச் செய்யாதீர்கள் என்று ஒரு சித்த மருத்துவனாகவே சொல்கிறேன்.

இரண்டு போதை, இரண்டு பாதை

வடக்கே லாரி ஓட்டிப் போய் வருகிற நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து ஓட்டுநர்கள் சிலர் என்னிடம் வருவதுண்டு. நெடுஞ்சாலை தாபாவில் உடம்பு வலிக்கு என்று அபின் பழகியவர்கள். சமீப வருஷங்களில் வேறு ரகம் ஒன்றும் வருகிறது. 'ஐஸ்', 'மெத்' என்று பையன்கள் சொல்கிற மெத்தம்பெட்டமின். இது தூக்கத்தை விரட்டுகிற, ஆளை முறுக்கேற்றுகிற ஊக்கப் போதை. கொக்கேயினும் இந்த இனம்தான்.

இரண்டையும் நம் வீடுகளில் 'டிரக்' என்ற ஒரே வார்த்தையில் போட்டுவிடுகிறோம். மீளும் பாதை இரண்டுக்கும் வேறு வேறு.

ஊக்கப் போதையை நிறுத்தினால் வாந்தி பேதி வராது. ஆள் அடித்துப் போட்டது போல் தூங்குவான், எழுந்து பசி பசி என்று சாப்பிடுவான். 'அப்பாடா, பையன் நல்லாச் சாப்பிடறான், தூங்கறான்' என்று வீட்டில் நிம்மதி! ஆனால், உள்ளே எதிலும் ருசியில்லாத ஒரு வெறுமை இருக்கும். இந்தச் சமயத்தில் தற்கொலை எண்ணம் வரலாம். 'யாரோ என்னைப் பின்தொடர்கிறார்கள்' என்ற சந்தேகமும், காதில் குரல் கேட்பதும் சிலருக்குத் தொடரும். அப்படி இருந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தக் கூடாது.

அபின் வகைக்கு நல்ல மருந்துகள் உண்டு. ஊக்கப் போதைக்கு இதுதான் மருந்து என்று அங்கீகரித்து அறுதியிட்டுச் சொல்லும்படி உலகத்தில் எங்கும் இன்னும் ஒன்று வரவில்லை. 'முப்பது நாளில் கேரண்டி' என்று எவராவது விளம்பரம் செய்தால், அது எந்த மருத்துவ முறையாக இருந்தாலும், நம்பாதீர்கள்.

அதற்காகக் கைவிட்டு விட வேண்டியதில்லை. இதில் அதிகப் பலன் தந்திருப்பது ஒரு எளிய முறை. வாரத்தில் இரண்டு தடவை சிறுநீர்ச் சோதனை. சுத்தமாக இருந்தால் ஒரு சின்னப் பரிசு. தொடர்ந்து சுத்தமாக இருந்தால் பரிசு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். தவறினால் திட்டு கிடையாது, பரிசு மட்டும் பழையபடி முதலில் இருந்து. அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர்களுக்கான மருத்துவமனைகளில் 2011 முதல் இதைச் செய்கிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால், தப்பு செய்த அன்று உதைப்பதை விட நல்லபடியாக இருந்த அன்று பாராட்டுவது மூளைக்கு நன்றாகப் புரிகிறது.

காலமும் உதவும். மெத்தம்பெட்டமினை ஒரு வருஷத்துக்கும் மேல் விட்டிருந்த சிலருடைய மூளையைப் படம் எடுத்துப் பார்த்து 2001இல் வெளியிட்டார்கள். டோபமைன் என்ற ரசாயனத்தைக் கையாளும் அமைப்பு நிறுத்திய புதிதில் குறைந்திருந்தது. ஒரு வருஷம் கழித்துப் பெரும்பகுதி திரும்பியிருந்தது. பார்த்தது ஐந்து பேரைத்தான். ஆனாலும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. மூளை ஆறும். ஆனால், ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். நாற்பத்தைந்து நாள் அதற்குப் போதாது.

எது வெற்றி?

'எத்தனை பேர் குணமாகிறார்கள்?' என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. நேராகவே பதில் சொல்கிறேன். குடி, போதைச் சிகிச்சை முடித்தவர்களில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் ஒரு வருஷத்துக்குள் மறுபடி தொடுகிறார்கள். இது 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த கணக்கு.

'அப்படியானால் பாதிக்குப் பாதி தோல்வியா? செலவழித்த பணம் தண்டமா?' என்று நினைப்பீர்கள். அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ரத்த அழுத்தம், ஆஸ்துமா, சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் மருந்தையும் பத்தியத்தையும் விட்டு மறுபடி மோசமாகிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய அதே அளவுதான்!

யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்கு நாலு ஜாங்கிரி சாப்பிட்டு சர்க்கரை 300க்கு ஏறிய அப்பாவை 'இனி நீ எனக்கு அப்பாவே இல்லை' என்று வெளியே தள்ளுகிறோமா? டாக்டரிடம் அழைத்துப் போகிறோம், மருந்தைச் சரிசெய்து கொள்கிறோம். மகன் சறுக்கினால் மட்டும் ஏன் வேறு நியாயம்?

வியட்நாமில் சண்டை போட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் அங்கே ஹெராயினுக்கு அடிமையானார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் கணக்கெடுத்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். மூன்று வருஷத்தில் பன்னிரண்டு பேர். அவ்வளவுதான்! போதை கிடைத்த இடம், கூட்டாளிகள், பயம், சலிப்பு எல்லாவற்றையும் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார்கள். வீடும் வேலையும் காத்திருந்தன.

நம் பையன் எங்கே திரும்பி வருகிறான்? அதே தெரு, அதே டீக்கடை, அதே பைக் கூட்டாளி, அதே செல்போன் நம்பர்!

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1960களின் தொடக்கத்தில் சிகிச்சைக்கு வந்த 581 ஹெராயின் அடிமைகளை 33 வருஷம் தொடர்ந்தார்கள். 2001இல் முடிவு வந்தபோது அவர்களில் 284 பேர் உயிரோடு இல்லை. கிட்டத்தட்டப் பாதி.

இதையெல்லாம் படித்த பிறகு, வெற்றி என்பதற்கு என் கணக்கு மாறிவிட்டது. முதல் வெற்றி, உயிரோடு இருப்பது. அடுத்தது, சிகிச்சையோடு தொடர்பை விடாமல் இருப்பது. மூன்றாவது, வேலை, தூக்கம், சாப்பாடு, கடன் அடைவது. ஒரு தடவை கூடத் தொடாமல் இருப்பதுதான் நமக்கு எல்லோருக்கும் ஆசை. ஆனால், அதை மட்டுமே வெற்றி என்று வைத்தால், ஒரு சறுக்கலில் பையன் 'எல்லாம் போச்சு' என்று முழுசாக விழுந்துவிடுகிறான்.

'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?'

நான் தவறிய இடம் இது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

புப்ரெனார்ஃபினும் அபின் குடும்பத்து மருந்துதான். மூளையில் அதே பூட்டில் போய் உட்காரும். ஆனால், அரைகுறையாகத்தான் திறக்கும். ஒரு எல்லைக்கு மேல் மயக்கம் ஏறாது, மூச்சை அடக்குவதும் குறைவு. ஒரு தடவை எடுத்தால் நீண்ட நேரம் நிற்கும். அதனால் வேதனை இல்லாமல், ஏக்கம் இல்லாமல் ஆள் வேலைக்குப் போகலாம். இதையும் மெத்தடோனையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், ஊசிப் போதைக்காரர்களுக்கு அரசே கொடுக்கிறது.

ஸ்வீடனில் 40 பேரை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். இருபது பேருக்கு ஒரு வருஷம் புப்ரெனார்ஃபின். மீதி இருபது பேருக்கு ஆறே நாளில் மருந்தைக் குறைத்து நிறுத்தி, வெற்று மாத்திரை. ஆலோசனையும் பயிற்சியும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி. வருஷ முடிவில் முதல் கூட்டத்தில் 15 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் ஒருவர் கூட இல்லை, நாலு பேர் செத்தே போயிருந்தார்கள். 2003இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இது. நான் இதை முன்பே படித்திருந்தால் அந்தத் தம்பியின் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டேன்.

இந்த மருந்திலும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. 1990களில் சென்னையில் பிரவுன் சுகர் பழகியவர்கள் பலர் இதே புப்ரெனார்ஃபினை ஊசியாகப் போட ஆரம்பித்து, அதனால் வேறு நோய்களும் தொற்றின. அதனால்தான் கண்காணிப்பில், நாக்குக்கு அடியில், டாக்டரின் கண்பார்வையில் கொடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற சமாசாரம் இல்லை இது. நிறுத்துவதும் அப்படித்தான். கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. இன்சுலின் போடுகிறவரைப் பார்த்து 'ஊசிக்கு அடிமை' என்று நாம் சொல்வதில்லையே!

அப்படியானால் சித்த மருத்துவம் எதற்கு?

என்னைப் போன்றவர்கள் கோபித்துக் கொள்ளலாம். பரவாயில்லை. எங்கள் குணபாடத்தில் அபினும் கஞ்சாவும் மருந்துச் சரக்குகளாகத்தான் இருக்கின்றன. அளவும் சுத்தியும் தவறினால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால், போதை அடிமைத்தனத்தை வேரோடு அறுக்கிற லேகியம் ஒன்று என் கையில் இல்லை.

எங்களுக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது. போதை நின்ற பிறகு பசி மந்தம், மலச்சிக்கல், தூக்கமின்மை, உடம்பு இளைப்பு என்று பல மாதம் படுத்தும். அந்த நாட்களில் சீரகம், சுக்கு சேர்த்த கஞ்சி, நெல்லிக்காய், கீரை, மோர், நேரத்துக்குச் சாப்பாடு, வாரத்தில் ஒருநாள் எண்ணெய்க் குளியல், விடியற்காலை நடை... இவை உடம்பையும் நாளையும் ஒழுங்குக்குள் கொண்டு வரும். அமுக்கரா போன்ற மருந்துகளும் சிலருக்கு உதவும். ஆனால், மனநல மருத்துவர் கொடுக்கிற மருந்தோடு சேர்ந்து மயக்கத்தைக் கூட்டலாம். அதனால் அவருக்குத் தெரியாமல் நான் இப்போது எதுவும் கொடுப்பதில்லை. நோயாளி கொண்டு வரும் சீட்டைப் பார்க்காமல் மருந்து எழுதுவதும் இல்லை.

பத்தியம் என்ற நம் வார்த்தையில் பெரிய அர்த்தம் இருக்கிறது. மருந்து சாப்பிடும்போது மட்டும் பத்தியம் இருந்தால் போதாது. மறுபத்தியம் என்று, மருந்து முடிந்த பிறகும் அதே அளவு நாள் காக்கச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். போதைச் சிகிச்சைக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

சேர்ப்பதற்கு முன்னால் அந்த மையத்தில் கேளுங்கள். மனநல மருத்துவர் உண்டா? வீட்டாருக்கும் ஆலோசனை உண்டா? வெளியே வந்த பிறகு எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால் யோசியுங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடும்பத்தாருக்கான சிகிச்சையையும் சேர்த்தே நடத்தியது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பெண் அவர். ஒருவர் அடிமையானால் வீடே நோய்ப்படுகிறது என்பதை அனுபவத்தில் அறிந்தவர்.

அடிக்கிற, கட்டிப் போடுகிற இடத்தில் விடாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை நாம் மறக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் குடி, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் பாதுகாப்புக்குள் கொண்டு வந்திருக்கிறது. எந்த விதத்தில் சங்கிலி போட்டாலும் அது சட்டப்படி குற்றம்.

போலீஸ் பயத்தால் சிகிச்சைக்குப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. சிறிய அளவு போதைப் பொருளோடு பிடிபட்ட ஒரு அடிமை, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை எடுத்து முடித்தால், 1985ஆம் ஆண்டு போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

வெளியே வந்த முதல் மூன்று மாதம் கண்ணும் கருத்துமாக இருங்கள். செல்போன் நம்பரை மாற்றலாம். சில காலம் வேறு ஊரில் உறவுக்காரர் வீட்டில் வேலை பார்க்கட்டும். கையில் மொத்தமாகப் பணம் வேண்டாம். அதே சமயம், பாக்கெட்டைத் துழாவிக் கொண்டும், சாப்பாட்டு இலையில் உட்கார வைத்துப் பழைய திருட்டைப் பேசிக் கொண்டும் இருக்காதீர்கள். 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடுவான்' என்ற யோசனையை அறவே விடுங்கள். இன்னொரு வீட்டுப் பெண் உங்கள் மகனுக்கு மருந்தல்ல.

ஆபத்து அடையாளம் தெரிந்திருக்கட்டும். கூப்பிட்டால் எழாத தூக்கம், விநோதமான குறட்டை, விட்டு விட்டு மூச்சு, கண் பாப்பா ஊசி முனை மாதிரி சுருங்கியிருப்பது, உதடு நீலம்... உடனே 108க்குப் போன் செய்யுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். என்ன எடுத்தான் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நேரத்துக்குப் போய்விட்டால் நலோக்ஸோன் என்ற மாற்று மருந்து மூச்சைத் திருப்பிக் கொண்டு வரும்.

வழி தெரியவில்லையா? போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவச எண்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2019இல் வெளிவந்த மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி அபின் வகைப் பொருளை உபயோகிக்கிறவர்கள் நாட்டில் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். அதில் உதவி தேவைப்படுகிறவர்கள் சுமார் 77 லட்சம் பேர். உங்கள் வீடு மட்டும் தனியாக இல்லை.

தாய் தகப்பனும் மனுஷர்தானே?

'நகை போச்சு, மானம் போச்சு, எத்தனை தடவை மன்னிக்கிறது டாக்டர்?' என்று கேட்கிறவர்களிடம் எனக்குப் பதில் சுலபமில்லை. எல்லை போடுங்கள், தப்பில்லை. பணம் தர மாட்டேன், பொய் சொல்லிக் காப்பாற்ற மாட்டேன், அடிதடி செய்தால் போலீசைக் கூப்பிடுவேன் என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால், சிகிச்சைக்குத் திரும்பி வரும் கதவை மட்டும் சாத்தி விடாதீர்கள். 'நீ தொட்டுட்டேன்னு சொன்னா அடிக்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்.' இந்த ஒரு வாக்குறுதி போதும். அது இல்லாத வீட்டில்தான் பையன்கள் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக் கொள்கிறார்கள்.

கொலுசுப் பட்டறைத் தம்பியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மறுபடி அதே மனநல மருத்துவரிடம் போனான். மாத்திரை தொடர்ந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு தடவை சறுக்கினான். நாலாவது நாள் தானாகவே அம்மாவிடம் சொல்லி, டாக்டரிடம் போனான். பிறகு மெதுவாக அளவைக் குறைத்தார்கள். இப்போதும் பட்டறையில்தான் இருக்கிறான். பொங்கலுக்கு என்னைப் பார்க்க வந்திருந்தான். 'குணமாயிட்டேனா ஐயா?' என்று கேட்டான்.

"நாளைக்கு வேலைக்குப் போறியா தம்பி?"

"போறேனுங்க."

"அப்ப சரியாத்தான் இருக்கே" என்றேன்.

இனிப்புப் பெட்டியோடு வந்த அந்த அப்பாவும் போன வாரம் மறுபடி வந்தார். மகனை அழைத்துக் கொண்டு மனநல மருத்துவரிடம் போய், அப்படியே இங்கேயும் எட்டிப் பார்த்தாராம். இந்தத் தடவை கையில் இனிப்பு இல்லை, மருந்துச் சீட்டு இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.